மட்டாஞ்சேரியில் பேச்சும் தண்டனையும்

வெறுப்பைக் கக்கும் பேச்சுக்கும் கருத்துரிமைச் சட்டம் காப்பு அளிக்க வேண்டுமா என்ற வழக்கு, இந்தியாவில் அரசியல் சட்டம் எழுதிய பிறகு முளைத்ததல்ல. கொச்சித் துறைமுகத்தில் அதற்கு 460 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. மட்டாஞ்சேரியில் அரண்மனையும், பழயன்னூர் பகவதி கோயிலும், 1568இல் எழுந்த பரதேசி யூத ஜெபாலயமும் அடுத்தடுத்து நிற்கின்றன. கோவாவிலிருந்து போர்ச்சுகீசியருக்கு அஞ்சி வந்த கொங்கணிகள், குஜராத்தி வணிகர்கள், கச்சி மேமன்கள், தமிழ் பிராமணர்கள், சிரியன் கிறிஸ்தவர்கள், யூதர்கள் எனப் பல கூட்டத்தார் சில தெருக்களுக்குள் கடையும் வீடுமாக வாழ்ந்த ஊர் இது. ஒருவர் வேதத்தை மற்றவர் பழித்தால் என்ன செய்வது என்பது இங்கே வெறும் ஏட்டுக் கேள்வியாக இருந்ததில்லை.

16ஆம் நூற்றாண்டில் கொச்சி இரண்டாகப் பிரிந்து கிடந்தது. கடலோரக் கோட்டையும் அதைச் சுற்றிய நகரமும் போர்ச்சுகீசியருடையவை. அது கீழ்க் கொச்சி. மட்டாஞ்சேரி கொச்சி மன்னருடையது. அது மேல் கொச்சி. 1557இல் கீழ்க் கொச்சித் தேவாலயத்தின் காணிக்கைப் பெட்டியில் சில துண்டுச் சீட்டுகள் அகப்பட்டன. கிறிஸ்தவ நம்பிக்கையைப் பழித்து எழுதியிருந்த அவற்றில் எழுதியவர் பெயர் இல்லை. சந்தேகம் உடனே ‘புதுக் கிறிஸ்தவர்கள்’ மேல் விழுந்தது. போர்ச்சுகலில் 1497இல் கட்டாயமாக ஞானஸ்நானம் பெற்ற யூதர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். பலர் கைதாகிக் கோவாவுக்கும் அங்கிருந்து லிஸ்பனுக்கும் அனுப்பப்பட்டார்கள்.

விசாரணை எந்தத் திசையில் போனது என்பதுதான் கவனிக்க வேண்டியது. சீட்டை எழுதியது யார் என்ற கேள்வி சீக்கிரமே பின்னுக்குப் போய்விட்டது. யார் மேல் கொச்சிக்குப் போய் யூதர்களோடு பண்டிகை கொண்டாடினார்கள், யார் வீட்டில் பழைய வழக்கம் தொடர்கிறது என்பவை குற்றச்சாட்டுகளாயின. ஒரு துண்டுக் காகிதத்தின் பேரில் ஒரு சமூகத்தின் அடுக்களை வரைக்கும் விசாரணை நீண்டது. 3 ஆண்டுகள் கழித்து, 1560இல், கோவாவில் மதவிசாரணை மன்றம் நிறுவப்பட்டது. இடையில் சிறிது காலம் நின்றிருந்தாலும் 1812 வரை அது நடந்தது. அந்த மன்றத்துக்கு வழி திறந்த நிகழ்வுகளில் கொச்சிச் சீட்டு வழக்கும் ஒன்று. ஞானஸ்நானம் பெறாத மட்டாஞ்சேரி யூதர்கள் மன்னரின் எல்லைக்குள் இருந்ததால் தப்பினார்கள்.

அடுத்த அடி புத்தகங்கள் மேல் விழுந்தது. கோவா பேராயர் அலெய்ஷோ டி மெனெசெஸ் 1599 ஜூன் மாதம் கொச்சிக்குத் தெற்கே உதயம்பேரூரில் சிரியன் கிறிஸ்தவர்களின் மாமன்றத்தைக் கூட்டினார். சிரியாக் மொழி நூல்களில் ரோமின் போதனைக்கு மாறானவை என்று பட்டியலிடப்பட்டவற்றை ஒப்படைக்க வேண்டும், திருத்த வேண்டும், இல்லையேல் எரிக்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று. பேராயர் தேவாலயம் தேவாலயமாகச் சென்றபோது எரிந்த ஓலைகளும் ஏடுகளும் எத்தனையோ. கேரளக் கிறிஸ்தவர்களின் பழைய வரலாற்றை எழுத முற்படும் எவருக்கும் இன்றுவரை கை கட்டப்பட்டிருப்பதற்கு அந்த நெருப்பு ஒரு காரணம்.

வாயை அடைத்தால் ஊர் அடங்கிவிடும் என்ற கணக்கு எவ்வளவு பொய் என்பதை 1653இல் மட்டாஞ்சேரியே காட்டியது. அஹதல்லா என்ற சிரியாக் ஆயர் 1652இல் மயிலாப்பூர் வந்து சேர்ந்தார். போர்ச்சுகீசியர் அவரைக் காவலில் வைத்தார்கள். மலபாரிலிருந்து போயிருந்த சிரியன் கிறிஸ்தவர் சிலர் அவரைச் சந்தித்துக் கடிதம் வாங்கி வந்தார்கள். அவரை ஏற்றிய கப்பல் கொச்சி வழியாகக் கோவா போகிறது என்று தெரிந்ததும் மக்கள் திரண்டு வந்து, ஒரு முறையாவது அவரைப் பார்க்க விடுங்கள், அவர் பேச்சைக் கேட்க விடுங்கள் என்று கெஞ்சினார்கள். அனுமதி கிடைக்கவில்லை. அதற்குள், ஆயரைக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. அது உண்மையல்ல, அவர் கோவாவுக்கும் பிறகு ஐரோப்பாவுக்கும் கொண்டு செல்லப்பட்டு, ரோமுக்குப் போகும் வழியில் பிரான்சில் இறந்தார். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டியவர்கள் வாய் திறக்காததால் வதந்தியே உண்மையாக நின்றது.

1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் கூடிய கிறிஸ்தவர்கள், தங்கள் மேல் அதிகாரம் செலுத்திய ஏசு சபைப் பாதிரிகளுக்கு இனிக் கீழ்ப்படிவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். கூட்டம் பெரிது, எல்லோராலும் கல் சிலுவையைத் தொட முடியவில்லை. அதனால் சிலுவையில் கயிறுகளைக் கட்டி, அவற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்பது மரபு. இழுத்த இழுப்பில் சிலுவை சாய்ந்தது என்பதால் அது கூனன் குரிசு சத்தியம் எனப் பெயர் பெற்றது. சிரியன் கிறிஸ்தவர்களிடையே அன்று விழுந்த பிளவு இன்றும் ஒட்டவில்லை. ஒரு மனிதரைப் பேச விட்டிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்குமா என்று கேட்காமல் இருக்க முடியாது.

1662இல் டச்சுக்காரர் கொச்சியை முற்றுகையிட்டுத் தோற்றபோது, அவர்களுக்கு உதவினார்கள் என்று யூதத் தெருவைப் போர்ச்சுகீசியர் சூறையாடினார்கள், ஜெபாலயமும் தப்பவில்லை. அடுத்த ஆண்டு ஜனவரியில் கோட்டை டச்சுக்காரர் கைக்கு வந்தது. யூதர்களுக்கு நல்ல காலம் பிறந்தது. கத்தோலிக்கருக்குக் கெட்ட காலம். ஐரோப்பியப் பாதிரிகள் வெளியேற உத்தரவாயிற்று, தேவாலயங்கள் பல இடிபட்டன, செயின்ட் பிரான்சிஸ் தேவாலயம் டச்சுச் சபையின் உடைமையானது. ஆள்பவர் மாறும்போது அடக்கப்படுபவரும் மாறினார். அடக்கும் அதிகாரம் மட்டும் அப்படியே இருந்தது.

பிரிட்டிஷார் 1795இல் கோட்டையைப் பிடித்தபின் இந்த அதிகாரம் எல்லோருக்கும் பொதுவான சட்டத்தின் வடிவம் பெற்றது. 1860இல் நிறைவேறிய இந்திய தண்டனைச் சட்டம் மதம் தொடர்பான குற்றங்களுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியது. ஒருவரின் மத உணர்வைப் புண்படுத்தும் எண்ணத்தோடு அவர் காதுபடப் பேசுவது அதன் 298ஆம் பிரிவின்படி குற்றமாயிற்று. எந்த மதத்துக்கும் தனிச் சலுகை காட்டாமல் எல்லா மதங்களையும் ஒன்றாக வைத்த வகையில் மதவிசாரணைக் காலத்திலிருந்து இது பெரிய முன்னேற்றம். அதே சமயம், ‘புண்பட்டேன்’ என்று சொல்பவர் கையில் அது ஒரு கருவியையும் கொடுத்தது.

1870இல் ராஜத்துரோகப் பிரிவு 124ஏ வந்தது. அரசின் மேல் அதிருப்தியை உண்டாக்குவது அதன்படி குற்றமாயிற்று. பாலகங்காதர திலகரை 1897இல் தண்டித்த கையோடு, 1898இல் அந்தப் பிரிவை விரித்த அதே திருத்தச் சட்டத்தில்தான் சமூகங்களுக்கு இடையே பகையை வளர்ப்பதைத் தண்டிக்கும் 153ஏ பிரிவும் சேர்ந்தது. வெறுப்புப் பேச்சை எதிர்க்க அண்மைக்காலம் வரை முதலில் எடுக்கப்பட்ட பிரிவு, விரிவாக்கப்பட்ட ராஜத்துரோகப் பிரிவோடு ஒரே சட்டத்தில் பிறந்த இரட்டைப் பிள்ளை. மக்களை ஒருவரிடமிருந்து ஒருவர் காப்பதும், அரசு தன்னை விமர்சனத்திலிருந்து காத்துக்கொள்வதும் அன்றே ஒன்றோடொன்று பின்னிவிட்டன. இந்தச் சிக்கு இன்னும் பிரியவில்லை.

பத்திரிகைகள் வளர்ந்த காலமும் அதுவே. கேரளத்தின் முதல் ஆங்கில இதழான ‘வெஸ்டர்ன் ஸ்டார்’ 1860இல் கொச்சியில் தொடங்கியது. குஜராத்திலிருந்து வந்து கொச்சியில் குடியேறிய தேவ்ஜி பீம்ஜி 1881இல் ‘கேரளமித்ரம்’ என்ற மலையாள இதழை நடத்தினார். பின்னாளில் மலையாள மனோரமாவை நிறுவிய கண்டத்தில் வர்கீஸ் மாப்பிள்ளை அதன் ஆசிரியர். தெற்கே திருவிதாங்கூரில் அரசைக் குறை சொன்ன பத்திரிகைக்கு என்ன நேரும் என்பது 1910 செப்டம்பர் 26 அன்று தெரிந்தது. ‘சுதேசாபிமானி’ ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளை நாடு கடத்தப்பட்டார், அச்சகம் பறிமுதலானது. 1935இல் கோழஞ்சேரியில் மன்னரின் ஆலோசகர் சர் சி.பி. ராமசாமி ஐயரைத் தாக்கிப் பேசிய சி. கேசவன் ராஜத்துரோக வழக்கில் சிறைக்குப் போனார். சிறுபான்மையினருக்கும் ஈழவருக்கும் அரசு வேலையிலும் சட்டமன்றத்திலும் பங்கு கேட்டு நடந்த கிளர்ச்சியில் பேசிய பேச்சு அது. சமத்துவம் கேட்ட குரல், வெறுப்பைப் பரப்பிய குரலாகப் பதிவானது.

உண்மையான வெறுப்பு அக்காலத்தில் எங்கே இருந்தது என்றால், எந்தச் சட்டமும் தொடாத பழக்கவழக்கங்களில் இருந்தது. 1917இல் கொச்சிக்கு வடக்கே செறாயியில் ஈழவரும் புலையரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் பந்தியை கே. அய்யப்பன் நடத்தினார். சொந்த சாதியினரே அவரைத் தள்ளி வைத்து ‘புலையன் அய்யப்பன்’ என்று ஏசினார்கள். அந்த ஏச்சைப் பட்டமாக ஏற்றுக்கொண்ட அவர், ‘சகோதரன்’ என்ற இதழைத் தொடங்கி சகோதரன் அய்யப்பன் ஆனார். 1929இல் வெளிவரத் தொடங்கிய ‘யுக்திவாதி’ என்ற பகுத்தறிவு இதழுக்கும் அவர் ஒரு தூண். புண்பட்டோர் புகாரை வைத்து நடவடிக்கை எடுப்பதானால் முதலில் பூட்டியிருக்க வேண்டியவை இந்த இரண்டு இதழ்களும்தான்.

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் இதே போராட்டம் வேறு உருவில் நடந்தது. பரதேசி யூதர்கள் தங்கள் ஜெபாலயத்தில், விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட யூதர்களுக்கு இருக்கை கொடுப்பதில்லை. அவர்கள் முன்கூடத் தரையில் உட்கார வேண்டும். தோரா வாசிக்க அவர்களை அழைக்க மாட்டார்கள். அந்தக் குடும்பங்களில் ஒன்றில் பிறந்தவர் ஏ.பி. சாலெம் (1882–1967). சென்னையில் சட்டம் படித்து வழக்கறிஞரானவர், கொச்சி சட்டசபை உறுப்பினர், 1929 லாகூர் காங்கிரசுக்குப் போய் வந்தவர். காந்தி வழியைப் பின்பற்றி ஜெபாலயப் படியில் சத்தியாகிரகம் இருந்தார். எறணாகுளம் படகுத்துறை அருகே ஒரு மேட்டில் நின்று அவர் கூட்டம் பேசுவார். அந்த மேட்டுக்கு சாலெம் குன்று என்றே பெயர் வந்தது. பாகுபாடு படிப்படியாகத் தளர்ந்தது. சாலெமுக்குத் துணை நின்றது எந்தத் தண்டனைப் பிரிவும் அல்ல. மேட்டில் ஏறி நின்று பேச முடிந்த உரிமைதான். இழிவுபடுத்தப்பட்டவர்களுக்குப் பேச்சுரிமை எவ்வளவு தேவை என்பதற்கு இதைவிட அருகில் சான்று கிடையாது.

அகில இந்திய அளவில் 1927இல் சட்டம் இன்னும் ஒரு படி போனது. முகமது நபியை இழிவுபடுத்தும் துண்டு நூல் ஒன்றை லாகூரில் வெளியிட்ட ராஜ்பாலை, 153ஏ பிரிவு இதற்குப் பொருந்தாது என்று உயர்நீதிமன்றம் விடுவித்தது. எழுந்த கொதிப்பை அடக்க, மத நம்பிக்கையை வேண்டுமென்றே, தீய நோக்கோடு அவமதிப்பதைத் தண்டிக்கும் 295ஏ பிரிவு அதே ஆண்டு சேர்ந்தது. பிரிவு வந்தும் 1929இல் ராஜ்பால் கொலையானார். மனிதரைத் தாக்கத் தூண்டும் பேச்சையும் நம்பிக்கையைப் பழிக்கும் பேச்சையும் ஒரே தராசில் வைத்தது இந்தப் பிரிவு. இரண்டும் ஒன்றல்ல. ஒரு கடவுளையோ நூலையோ வழக்கத்தையோ எவ்வளவு கடுமையாக விமர்சித்தாலும் அதை நம்புபவர் நாளை வழக்கம்போல் கடை திறக்கலாம். இந்தக் கூட்டத்தாருக்கு வீடு தராதே, இவர்களை அடி, விரட்டு என்று சொன்னால் அந்தக் கடை திறக்காது. முதலாவதைச் சட்டம் காக்க வேண்டும். இரண்டாவதைக் காக்க அதற்குக் கடமையில்லை.

1950இல் அரசியல் சட்டம் 19(1)(அ) பிரிவில் பேச்சுரிமையை அளித்தது. மலபார் மாவட்டமும் அடங்கிய அன்றைய சென்னை மாநிலம் ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழைத் தடுத்தபோது, ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. அடுத்த ஆண்டே முதல் திருத்தம் வந்து, ‘பொது ஒழுங்கு’, ‘குற்றத்துக்குத் தூண்டுதல்’ ஆகியவற்றின் பேரில் நியாயமான கட்டுப்பாடு விதிக்க அரசுக்கு இடம் கொடுத்தது. 295ஏ செல்லும் என்று 1957இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் தீர்ப்பானது.

உலகில் இதற்கு ஒரே விடை கிடையாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1969இல், உடனடி வன்முறையைத் தூண்டும், அது நேரவும் வாய்ப்புள்ள பேச்சை மட்டுமே தண்டிக்கலாம் என்றது. அந்த நெறியில்தான், யூதப் படுகொலையிலிருந்து தப்பியவர்கள் பலர் வாழ்ந்த ஸ்கோக்கி நகரில் ஊர்வலம் போக நாஜிக் குழு ஒன்றுக்கு உரிமை உண்டு என்று 1970களில் நீதிமன்றங்கள் சொல்ல நேர்ந்தது. ஜெர்மனி நேர் எதிர்; 1959 கிறிஸ்துமஸ் சமயம் கொலோன் ஜெபாலயத்தில் ஸ்வஸ்திகா கிறுக்கப்பட்டபின் 1960இல் மக்கள்மேல் வெறுப்பைத் தூண்டுவதற்கு எதிரான சட்டத்தை அது இறுக்கியது.

இலங்கை அனுபவம் தமிழ் வாசகருக்கு இன்னும் நெருக்கமானது. 2014 ஜூனில் அளுத்கமவில் பௌத்த அமைப்பான பொது பல சேனா கூட்டத்தில் நடந்த பேச்சுக்குப் பின் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்க, குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டம் (ஐ.சி.சி.பி.ஆர்.) 2007 முதலே அங்கு இருந்தது. அதே சட்டத்தின்கீழ் 2019இல் கைதானவர், ஒரு சிறுகதை எழுதிய சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார. தமிழில் கவிதை எழுதிய அஹ்னாஃப் ஜஸீம் 2020இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் சிறைப்பட்டார், வழக்கிலிருந்து 2023இல்தான் விடுவிக்கப்பட்டார்.

கேரளத்தில் 1986ஆம் ஆண்டு இரு திசைகளையும் காட்டியது. யெகோவாவின் சாட்சிகளான மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றும் பாடாததால் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டிருந்தார்கள். அது தவறு என்று பிஜோ இம்மானுவேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு பி.எம். ஆண்டனியின் ‘கிறிஸ்துவின்டே ஆறாம் திருமுறிவு’ நாடகத்தைக் கேரள அரசு தடை செய்தது.

2010இல் தொடுபுழா கல்லூரி ஆசிரியர் டி.ஜே. ஜோசப் தயாரித்த வினாத்தாளில் ஒரு கேள்வி நபியை அவமதிப்பதாகப் புகார் எழுந்தது. அரசு முதலில் செய்தது அவரைக் கைது செய்ததுதான். ஜூலை 4 அன்று மூவாற்றுப்புழாவில், தேவாலயத்திலிருந்து திரும்பும் வழியில், ஒரு கும்பல் அவர் கையை வெட்டியது. 2013இல் நீதிமன்றம் ஜோசப் குற்றமற்றவர் என்றது. வெட்டியவர்களுக்குக் கொச்சி என்.ஐ.ஏ. தனி நீதிமன்றம் 2015இலும் 2023இலும் தண்டனை விதித்தது. புகார் வந்தவுடன் பேசியவரைக் குற்றவாளியாக்கும் பழக்கம், கத்தி எடுப்பவனுக்கு நியாயம் கற்பித்துவிடுகிறது.

இணையம் வந்தபின் கேரள போலீஸ் சட்டத்தின் 118(டி) பிரிவு, பிறருக்கு எரிச்சலூட்டும் பேச்சையும் குற்றமாக்கியது. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவோடு அதையும் செல்லாததாக்கியது. விவாதம், ஆதரவுப் பிரசாரம், தூண்டுதல் என்று மூன்றாகப் பிரித்து, தூண்டுதல் நிலையை எட்டும்போதே சட்டம் குறுக்கிடலாம் என்று அத்தீர்ப்பு வகுத்தது. 5 ஆண்டுகளில், 2020 நவம்பரில், 118ஏ என்ற அவசரச் சட்டம் 3 ஆண்டு சிறையோடு வந்தது. எதிர்ப்பு வலுக்கவே சில நாள்களில் அரசு அதைத் திரும்பப் பெற்றது.

அண்மை வழக்குகள் ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பின் அளவுகோலால் அளக்க வேண்டியவை. 2022 ஏப்ரல், மே மாதங்களில் திருவனந்தபுரத்திலும் கொச்சி வெண்ணலையிலும் முஸ்லிம்களைக் குறித்துப் பேசியதற்காக முன்னாள் எம்.எல்.ஏ. பி.சி. ஜார்ஜ் மேல் வழக்குகள் பதிவாகி, அவர் கைதாகி ஜாமீனில் வந்தார். அதே மே மாதம் ஆலப்புழையில் பாப்புலர் ஃபிரண்ட் ஊர்வலத்தில் ஒரு சிறுவன் இந்துக்களையும் கிறிஸ்தவர்களையும் மிரட்டும் முழக்கம் எழுப்பியதற்காகப் பலர் கைதானார்கள். 2024 ஏப்ரலில் ஃபோர்ட் கொச்சியில் பாலஸ்தீன ஆதரவுப் பலகைகளைக் கிழித்த வெளிநாட்டுப் பயணி மேல் கலவரத்தைத் தூண்டும் பிரிவில் வழக்கு பாய்ந்தது. தோளில் தூக்கிய சிறுவன் வாயிலிருந்து வந்த மிரட்டலும் ஒரு பலகையைக் கிழித்த கோபமும் ஒரே எடையுள்ளவை அல்ல. இரண்டுக்கும் ஒரே குடும்பத்துப் பிரிவுகள்தான் போலீஸ் கையில் இருந்தன.

இந்தக் குறையைச் சட்ட ஆணையம் 2017 மார்ச்சில் தந்த 267ஆம் அறிக்கை ஒப்புக்கொண்டு, வெறுப்பைத் தூண்டுவதைக் குறிப்பாகத் தண்டிக்கும் 153சி, 505ஏ என்ற புதுப் பிரிவுகளைப் பரிந்துரைத்தது. உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் மூன்று மாநிலங்களுக்கும், 2023 ஏப்ரல் 28 அன்று எல்லா மாநிலங்களுக்கும், வெறுப்புப் பேச்சு மேல் புகாருக்குக் காத்திராமல் வழக்குப் பதிய ஆணையிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 153ஏ பிரிவு 196 ஆனது, 295ஏ பிரிவு 299 ஆனது. எண் மாறியதே தவிர, நம்பிக்கையைப் பழிப்பதையும் மனிதரைத் தாக்கத் தூண்டுவதையும் பிரித்துக் காட்டும் வரையறை எதுவும் அதில் சேர்க்கப்படவில்லை.